நாரை டாங்கியும் ஒரு குமட்டலும்

பிப்ரவரி 3

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். அங்கே நீங்கள், மாப்பிள்ளை, என் மகள் குட்டிம்மா மூவரும் நலமா? தொலைபேசியில் கேட்டிருப்பேன். ஆனால் உங்கள் சோதனைத் திடலுக்கே ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் வாசல் காவலாளியின் மேசை மேல். போன தடவை "குட்டிம்மா சாப்பிட்டாளா?" என்று நான் உங்களைக் கேட்டதற்கு, அந்த ஆள் குறுக்கே புகுந்து "சாப்பிட்டாங்க சார், இன்னிக்கு முட்டை" என்கிறார். இனிமேல் கடிதம்தான்.

நாரை நேற்று சரக்கு ரயிலில் ஏறிவிட்டது. நான் டாங்கி வரைகிறேன், நீங்கள் ஓட்டிப் பார்த்து வேண்டாம் என்று எழுதுகிறீர்கள். நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிய பந்தம் இது. உருண்டை டாங்கியை நினைவிருக்கிறதா? உருளும் என்றேன், உருண்டது. நிற்கும் என்று நான் சொல்லவே இல்லையே! மேலேயும் கீழேயும் சங்கிலிப் பட்டை வைத்த டாங்கி கவிழ்ந்த பிறகும் ஓடியது. உள்ளே இருந்தவர்கள் தலைகீழாகத் தொங்கியதை மட்டும் பெரிதாக எழுதினீர்கள். பள்ளத்தைத் தாவும் டாங்கி தாவியது. இறங்கிய இடத்தில் உங்கள் காவலாளியின் சைக்கிள் இருந்தது என் குற்றமா?

போகட்டும். இதுவரை பதினொரு டாங்கி வரைந்தேன், பதினொன்றும் திரும்பி வந்தன. வருடக் கடைசியில் எனக்கு ஓய்வு. நாரைதான் கடைசி. உடம்பு இடுப்பு உயரம்கூட இல்லை. மேலே இருவர் உட்காரும் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டியைத் தாங்கும் கழுத்து முழங்கால் மாதிரி மடங்கி, நீண்டால் மாடி வீட்டு உயரம் போகும். சுவருக்குப் பின்னால் பதுங்கியபடியே எட்டிப் பார்த்துக்கொண்டு நகரலாம். உலகத்தில் எவனுக்கும் தோன்றாத யோசனை.

சம்பந்தி என்ற சலுகை எனக்கு வேண்டவே வேண்டாம். என் மகள்தான் உங்கள் திடலில் முதல் ஓட்டுநர், அவளே ஓட்டட்டும். ஒரே ஒரு தடவை "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக ஆசை, அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். நாரை பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது. இதை நான் உங்களுக்காகச் சொல்லவில்லை. பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் வேலியில் தொற்றிக்கொண்டு பார்த்தது.

அறிக்கை இன்று காலை தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. நீங்கள் அலுவலக வழியாகத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது முறை. தேறவில்லை.

கழுத்து மடங்கியிருக்கும்போது வண்டி நன்றாக ஓடுகிறது. கழுத்தை உயர்த்திக்கொண்டு சுவரோரம் நகர்த்தினால்தான் தொல்லை. கீழே பட்டை ஒரு கூழாங்கல் மேல் ஏறினால் மேலே பெட்டி ஒரு முழம் ஆடுகிறது. மருமகள் சுவரின் பாதியைத் தாண்டவில்லை. கையைக் காட்டினாள், இறக்கினோம். இறங்கி வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து "இன்னொரு தடவை அத்தை" என்றாள். மறுபடியும் ஏறினாள், மறுபடியும் அதே கதை. மறுநாளும் அப்படியே.

இங்கே வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஓட்டியவர் உடம்பு என்ன சொல்கிறதோ அதை எழுதுவேன், அதில் நான் ஒரு எழுத்து கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். "உயர்த்திய நிலையில் ஓட்டுநருக்குக் கடுமையான குமட்டல். பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல." அவ்வளவுதான் எழுதினேன்.

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும்தான்.

இப்படிக்கு,
சம்பந்தி

பிப்ரவரி 24

சோதனைத் திடல் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம்.

என் மகளுக்கா குமட்டல்? மலைப் பாதையில் பேருந்துக் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டே போனவள் அவள். பள்ளிக்கூடத்து ராட்டினத்தில் மற்ற பிள்ளைகள் ஒரு சுற்றில் இறங்கி அழும், இவள் சுற்றுகிறவனுக்குக் கை வலிக்கும் வரை இறங்க மாட்டாள். என் தாவும் டாங்கியில் தாவிவிட்டு இறங்கி, பசிக்கிறது என்று கேட்டவள். அவளுக்குக் கூழாங்கல் மேல் ஏறினால் வாந்தியாம்! கேட்கிறவன் கேணையனா?

டாங்கியில் கோளாறு இல்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டில் சாப்பிட்டவரை அவள் ஒரு நாள் வாந்தி எடுத்ததில்லை. உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், எந்த எண்ணெயில் சமைக்கிறீர்கள் என்பதையும் அறிக்கையில் சேர்த்திருக்கலாம்.

பெண்ணைக் கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பார்கள். சரி, இருந்தேன். டாங்கியைக் கொடுத்தவனும் மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? இங்கே வரைபட அறையில் ஒருத்தன் என் காதுபடச் சொல்கிறான், "சம்பந்தியே கை விட்டுட்டாங்களாம்!" என்று. அதைக் கேட்டுக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தலைமை வடிவமைப்பாளர்

மார்ச் 1

தலைமை வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

எங்கள் வீட்டில் சமைப்பது நான் அல்ல. உங்கள் மகளும் அல்ல. நாங்கள் இரண்டு பேரும் விடிந்ததும் திடலுக்கு வந்துவிடுகிறோம். சமைப்பது உங்கள் மாப்பிள்ளை. கால்நடை மருத்துவம் முடித்து, ஊர் மாடுகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, எங்கள் இருவருக்கும் சோறு வடித்துப் போடுகிறான். கல்யாணத்தன்று "இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது நீங்கள்தான். அவன் வைக்கும் எண்ணெயைப் பற்றி அவனிடமே கேளுங்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் டாங்கி ஆடுகிறது, அதற்கு என் அடுப்படி கோணலா?

உங்கள் கடிதத்தை மருமகளுக்குக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "ஒருத்தர் டாங்கி டாங்கிங்கிறார், ஒருத்தர் அறிக்கை அறிக்கைங்கிறீங்க, நடுவுல என் வயித்தைப் போட்டு இழுக்குறீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து என்னிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்களுக்குத் திருப்திதானே?

இனி வேலை விஷயம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

தலைமை அதிகாரி,
சோதனைத் திடல்

மார்ச் 14

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். நானும் வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாரை கொட்டகையில் நிற்கிறது, யாரும் தொடவில்லை. அப்படியிருந்தும் மருமகள் போன வாரம் உதிரிபாக அறையில் கிரீஸ் டப்பாவைத் திறந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நேற்று வீட்டில் என் மகன் முட்டை உடைத்தான், அதற்கும் ஓடினாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சிரிக்கிறார். "இது தெரியாமலா ரெண்டு மாசமா டாங்கி ஓட்டிட்டு இருந்தீங்க?"

சம்பந்தி, நீங்கள் தாத்தா ஆகப் போகிறீர்கள்.

உங்கள் மாப்பிள்ளையை என்ன சொல்வது! ஊரில் உள்ள மாடு ஒன்றைத் தூரத்தில் பார்த்தாலே சினையா இல்லையா என்று சொல்லிவிடுவான். சொந்தப் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுக்கிறாள், "டாங்கியாலதான்மா" என்கிறான். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அவனைத் திட்டினேன். பிறகு யோசித்தால் நானும் ஒரு பிள்ளை பெற்றவள்தானே, எனக்கு ஏன் தெரியவில்லை? வாந்தி என்றதும் கழுத்தின் ஆட்டத்தை அளந்துகொண்டிருந்தேன். நீங்கள் எண்ணெயைச் சந்தேகப்பட்டீர்கள். மூன்று பேரும் சேர்ந்து அவளை ஒரு டாங்கியாகவே பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று. என் அறிக்கை இனி செல்லாது. குமட்டல் வண்டியால் வந்ததா, பிள்ளையால் வந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், மறு சோதனை வேண்டும் என்று நானே எழுதிப் போட்டுவிட்டேன்.

மருமகள் நலம். ஆனால் விதிப்படி பிரசவம் வரை அவள் சோதனை வண்டி எதிலும் ஏறக் கூடாது. அதைச் சொன்னதும் ஒரு பார்வை பார்த்தாள், நான் பார்த்த எந்தப் பீரங்கியும் அப்படிப் பார்த்ததில்லை.

அன்புடன்,
சம்பந்தி

மார்ச் 19

அன்புள்ள, அன்புக்குப் பாத்திரமான சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதத்தை வரைபட அறையில் நின்றபடி படித்தேன். படித்துவிட்டு, என்னைக் கேலி செய்தானே, அவனையே கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் பயந்துபோய்விட்டான். மதியத்துக்குள் அலுவலகம் முழுக்க இனிப்பு கொடுத்து முடித்தேன்.

எண்ணெய் விஷயத்தை மறந்துவிடுங்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தால் வாய் எங்கே போகிறது என்று தெரியாது. மாப்பிள்ளையிடமும் சொல்லுங்கள். நானே அவருக்குத் தனியாக எழுத வெட்கமாக இருக்கிறது.

முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? "பார்த்தாயா, என் நாரை குற்றமற்றது!" என்றுதான். மனசு அப்படிக் குதித்தது. மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் மற்றது நினைவுக்கு வந்தது. அந்தப் பெட்டிக்குள் என் மகள் ஆடினாளே, பிள்ளையையும் வைத்துக்கொண்டு! ஒரு முழம் ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, நான் அதை நம்பாமல் கத்தினேனே. அவள் அம்மா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள். டாக்டரம்மா எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிச்சயமாகச் சொன்னாரா? இன்னொரு தடவை கேட்டு எழுதுங்கள்.

மறு சோதனைக்கு உத்தரவு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். யார் ஓட்டப் போகிறார்கள்? யாராக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நாளைக்கு அந்தப் பெட்டியில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளை உட்காரும்.

ஆனால், சம்பந்தியம்மா, தேறினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அன்புடன்,
தாத்தா
(எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது)

ஏப்ரல் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

டாக்டரம்மாவிடம் மறுபடியும் கேட்டேன். "டாங்கியைவிடக் கெட்டியா இருக்கு குழந்தை" என்றார். கவலையை விடுங்கள்.

நாரையை நேற்று நானே ஓட்டினேன். மற்ற ஓட்டுநர்கள் அதற்கு வாந்தி வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஏறுவதற்கு முன்பே முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளித்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன சோதனை செய்ய முடியும்? யாரை ஏற்றினாலும் பிறகு ஒரு பேச்சு வரும். தேறாவிட்டால் மாமியார் வன்மம், தேறினால் சம்பந்தி பாசம். பேசுகிறவர்கள் என்னைப் பேசட்டும் என்று ஏறினேன்.

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. அது தேற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாழ்க்கையில் எந்த வண்டிக்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. காலையில் சாப்பிடாமல்கூட போனேன். பாதிச் சுவர் வரை பல்லைக் கடித்துக்கொண்டேன். முக்கால் சுவர் வரை கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் எட்டிப் பார்க்கும் டாங்கி எதற்கு? திறந்தேன். அவ்வளவுதான். இறங்கி, மருமகள் பிடித்துக்கொண்டு நின்ற அதே வேலியை நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு எந்த டாக்டரம்மாவும் வேறு காரணம் சொல்ல முடியாது.

அறிக்கை இன்றைய தபால் பையிலேயே போகிறது. இந்தக் கடிதமும் அதே பையில்தான் போகிறது. மன்னிப்புக் கேட்க மாட்டேன், நீங்களும் அதை எதிர்பார்க்க மாட்டீர்கள். ஆனால் என் மனசு சரியில்லை. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அறிக்கை போகும் வரை வடிவமைப்பாளர் திடலுக்குள் வரக் கூடாது. இப்போது போய்விட்டது. வாருங்கள். இத்தனை டாங்கி வரைந்தீர்கள், ஒன்றிலாவது ஏறி உட்கார்ந்திருக்கிறீர்களா?

அன்புடன்,
சம்பந்தி

ஏப்ரல் 20

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நேற்று வீடு வந்து சேர்ந்தேன். நாரையில் ஏறி இறங்கியதிலிருந்து, ரயிலில் வழி முழுக்க எனக்குத் தரை ஆடியது. ரயில்தான் ஆடுகிறது என்று எதிரே இருந்தவர் சொன்னார். நான் நம்பவில்லை.

உங்கள் காவலாளிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கக் கொடுத்தவர், சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய மனுஷன். என் மூக்குக் கண்ணாடி அநேகமாக வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கும். தேட வேண்டாம். அந்தப் பக்கம் யாரும் போகாமல் இருப்பது நல்லது.

நீங்கள் எழுதியது ஒன்றும் பொய்யில்லை. குறைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். காகிதத்தில் அது ஆடவே ஆடாது சம்பந்தியம்மா. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம், அப்படியே நிற்கும்.

ஆக, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வருத்தம்தான். ஆனால் மாப்பிள்ளை கையால் மூன்று வேளை சாப்பிட்டேன், என் மகளின் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருப்பதைப் பார்த்தேன், உங்களோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போடாமல் பேசினேன். அந்த வருத்தம் ஒரு மூலையில் கிடக்கிறது, மற்ற இடமெல்லாம் நிறைந்துதான் இருக்கிறது.

ஒன்றுதான் உறுத்துகிறது. நீங்கள் திடலுக்குப் போன பிறகு அவள் சன்னலோரமே உட்கார்ந்திருக்கிறாள். திடலில் ஏதாவது வண்டி ஓடும் சத்தம் கேட்டால், "இடது பட்டை தளர்ந்திருக்குப்பா, யாரும் கவனிக்கல" என்கிறாள். "சும்மா இருன்னா எப்படிப்பா இருப்பேன்? எனக்கு நோயா?" என்று அழுதாள். என் மகள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

நாரையை உடைத்து இரும்புக்குப் போடும் நாளை மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
சம்பந்தி

மே 6

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

ஒரு அனுமதி வேண்டும். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கள் திடலின் நடுவில் ஒரு பார்வைக் கோபுரம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேலே ஒருவர் உட்கார்ந்து, ஓடும் வண்டிகளையெல்லாம் பார்த்து, "நிறுத்து, பட்டை கழலுது" என்று கம்பியில்லாக் கருவியில் கத்த வேண்டும். அங்கே இருந்தவர் இரும்பு ஏணி ஏறி ஏறி முழங்கால் போய், மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மருமகளைவிட அந்த வேலைக்கு ஏற்ற ஆள் கிடையாது. ஆனால் பிள்ளைத்தாச்சியை அந்த ஏணியில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

போன வாரம் சாப்பிடும்போது அவள் கேட்டாள். "ஏன் அத்தை, அப்பா வண்டி சும்மாதானே நிக்குது? தரையிலேயே ஏறி உட்கார்ந்துட்டு கழுத்தை மேல தூக்கிட்டா ஏணி எதுக்கு?" சோற்றைப் பாதியில் வைத்தேன். எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டேன்.

நாரையை மேட்டில் நிறுத்தி, அடியில் கட்டை கொடுத்து, நானே ஏறி உட்கார்ந்தேன். ஒரு வாரம் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கேதான் இருந்தேன். டீயை விளிம்பு வரை ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு கழுத்தை உயர்த்தினேன், இறக்கினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆட்டமெல்லாம் நகரும்போதுதான். நிற்கும்போது அது மலை மாதிரி நிற்கிறது, பூ மாதிரி இறங்குகிறது. இவ்வளவு நல்ல கழுத்தை நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை.

சிக்கல் இதுதான். சோதனை வண்டி என்ற பெயர் இருக்கும் வரை அவள் அதில் ஏறக் கூடாது. கழுத்தைத் தூக்கும் சின்ன மோட்டாரை விட்டுவிட்டு, வண்டியை ஓட்டும் இயந்திரத்தையும் சங்கிலிப் பட்டைகளையும் கழற்றிவிட்டு, "நிலையான பார்வைக் கூடு" என்று தலைமை அலுவலகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். கழற்றுவதற்கு வடிவமைப்பாளரின் கையெழுத்து வேண்டும்.

உங்கள் கடைசி டாங்கி. அதை இனி ஓடாமல் செய்யச் சொல்லி நான் கேட்கிறேன். முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், இதைப் பற்றி நம் இருவருக்குள் வேறு பேச்சே வராது. மருமகளிடமும் வராது.

அன்புடன்,
சம்பந்தி

மே 13

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முதல் நாள் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். டாங்கியின் உயிரை எடுத்துவிட்டு உடம்பை வைத்துக்கொள்ளக் கேட்கிறீர்களே என்று ஆத்திரம். இயந்திரம் இல்லாத டாங்கி என்றால் இந்த அலுவலகத்தில் என் ஆயுசுக்கும் சிரிப்பார்கள்.

இரண்டாம் நாள் கசக்கியதை எடுத்து நீவி விட்டுப் படித்தேன். "பூ மாதிரி இறங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என் வண்டிகளைப் பற்றி எழுதிய அத்தனை அறிக்கையும் எனக்கு மனப்பாடம். அதில் எங்கேயும் பூ வந்ததில்லை.

மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவன் மகளா சன்னலோரம் உட்கார்ந்து அழுகிறாள்?

கழற்றும்போது பின்பக்க ஆணிகளை முதலில் தளர்த்தச் சொல்லுங்கள். அவசரப்பட்டு முன்பக்கம் தொட்டால் கழுத்து ஒருக்களித்துவிடும். பெட்டிக்குள் அவள் முதுகுக்கு நல்ல மெத்தை வேண்டும். வெயில் நேரே அடிக்கும், மேலே ஒரு தகடு போட்டு நிழல் கொடுங்கள். அளவு வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி

ஜூன் 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. உங்களுக்கு வரும் பிரதி மெதுவாகத்தான் வரும், அதனால் அந்த வரியை அப்படியே எழுதுகிறேன். "நாரை, நிலையான பார்வைக் கூடாகப் பணிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது." எழுதிவிட்டு மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

இன்று காலை மருமகள் முதல் தடவையாக ஏறினாள். தகடு போட்டாயிற்று, மெத்தை போட்டாயிற்று. உங்கள் மாப்பிள்ளை கீழே நின்று, "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே இருந்தான். கழுத்து சத்தமில்லாமல் மேலே போயிற்று. போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே திடல் முழுக்க அவள் குரல்தான். "மூணாம் நம்பர், தூங்குறியா? இடது பட்டையைப் பாரு!" அவன் அலறியடித்துக்கொண்டு நிறுத்தினான். பட்டை உண்மையிலேயே தளர்ந்திருந்தது.

சாயங்காலம் இறங்கியவள் நேராக என்னிடம் வந்து என் தோளில் தலையைச் சாய்த்தாள். "நல்லா இருந்துச்சு அத்தை" என்றாள். பிறகு, "அப்பா இதைப் பார்க்கணுமே" என்றாள். ஆனால் உங்களுக்கு விடுப்பே பாக்கி இல்லை என்று போன தடவை வந்தபோது சொன்னீர்கள்.

அன்புடன்,
சம்பந்தி

ஜூன் 8

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உத்தரவின் பிரதி இன்று வந்தது. எல்லோருக்கும் நடுவில் உரக்க வாசித்தேன். "இயந்திரமே இல்லாத டாங்கிய ஏத்துக்கிட்டாங்களா?" என்று ஒருவன் ஆரம்பித்தான். "ஆமாம், உன் டாங்கியில இயந்திரம் இருந்தும் ஏத்துக்கலையே" என்றேன்.

விடுப்பு இல்லைதான். ஆனால் எங்கள் பணி விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு வடிவமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டால், வரைந்தவர் முதல் ஆறு மாதம் அது நிற்கும் இடத்திலேயே தங்கிப் பராமரிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று அதைப் படித்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் அந்தப் பிரிவில் பெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், நான் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து வரைபடப் பலகை முன்னால் உட்காருவேன். இன்று மேலதிகாரி அறைக்குப் போய், அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லி, எனக்கும் உத்தரவு வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு வேறு வழியில்லை, கையெழுத்துப் போட்டார்.

எண்ணிப் பார்த்தேன், ஆறு மாதத்துக்குள் பிள்ளை பிறந்துவிடும்.

குட்டிம்மாவிடம் இப்போதே சொல்லாதீர்கள். வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நான் வாசலைத் தாண்டி உள்ளே வரும்போது அவள் மேலே இருப்பாள். என்னை முதலில் பார்க்கப் போவது அவள்தான்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி